கவுன்சில் வேறு, சங்கம் வேறு

அன்புள்ள கயல்,

“படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பதிவு செய்தே ஆக வேண்டும், சரி. அதற்கு மேல் சங்கத்துக்கும் எதற்கு மாமா சந்தா கட்ட வேண்டும்?” என்று கேட்டு எழுதியிருக்கிறாய். கூட்டம் முடிந்து போடும் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று உன் சீனியர்கள் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டானது. பதிவேட்டைப் பராமரிப்பது, கல்லூரிகளின் தரத்தைப் பார்ப்பது, நெறி தவறியவர்மேல் நடவடிக்கை எடுப்பது எல்லாம் அதன் வேலை. நம் சங்கமான இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் அதற்கு 55 ஆண்டு மூத்தது. 1917இல் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கியது. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் முதல் தலைவர். 1922இல் பம்பாய் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் ஆகி, 1929இல் இப்போதைய பெயருக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு சாப்டர், ஊர்களுக்கு சென்டர். தமிழ்நாடு சாப்டருக்குக் கீழே சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று சென்டர்கள் இருக்கின்றன. சட்டம் எழுதியவர்கள் இந்த மூத்த சங்கத்தை மறந்துவிடவில்லை. கவுன்சிலில் ஐந்து பேர் சங்க உறுப்பினர்களிலிருந்து சங்கமே தேர்ந்தெடுத்து அனுப்புபவர்களாக இருக்க வேண்டும் என்று 3ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். ஆகவே உன் சந்தாவோடு ஒரு ஓட்டும் வருகிறது. (தேர்தல் சமயத்தில் நடக்கும் கூத்தைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.)

அந்தச் சட்டம் நமக்கு உண்மையில் எதைத் தந்தது என்று பார். பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. பிளான் போடவே கூடாது என்று சொல்லவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சட்டம் காப்பது பெயரைத்தான், தொழிலை அல்ல. நம் ஆட்களில் பலருக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. நம் ஊரில் வீடு கட்டுகிறவர் முதலில் இன்ஜினீயரையோ மேஸ்திரியையோதான் தேடிப் போகிறார். சட்டத்தைக் காட்டி அவரை நம் பக்கம் இழுக்க முடியாது. இந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்பதை நாம்தான் காட்ட வேண்டும், அதுவும் தனித்தனியாக இல்லை.

எப்படி என்று கேட்பாய். 1989இல் வந்த தொழில்நெறி விதிமுறைகளை எடுத்துப் படி, சின்னதுதான். கமிஷன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது. விதிப்படி நடக்கும் போட்டியைத் தவிர, இன்னொரு ஆர்க்கிடெக்டோடு போட்டி போட்டு இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ வடிவமைப்பு செய்துதரக் கூடாது. ஏற்கெனவே ஒருவரை அமர்த்தியிருக்கும் வேலை உன்னிடம் வந்தால், அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதா என்று ஆதாரம் பார்த்து, அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

எழுத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நடப்பில்? நான்கு பேரிடம் ஓசியில் பிளான் வாங்கி, நான்கையும் கலந்து கொத்தனாரிடம் கொடுத்து வீட்டை முடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஓசியில் போட்டுக்கொடுத்த நான்கு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, அதனால்தான் அது நடக்கிறது. மாதம் ஒருமுறை கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர் என்றால் போனை எடுத்து, “சார், உங்க கிளையன்ட் என்கிட்ட வந்திருக்கார், உங்க ஃபீஸ் செட்டில் ஆயிடுச்சா?” என்று கேட்டுவிடலாம். டெல்லியில் இருக்கும் கவுன்சிலுக்குப் புகார் எழுதி, விசாரணை முடியும்வரை காத்திருப்பதைவிட இந்த ஒரு போன் அதிகம் சாதிக்கும். பழக்கம் இல்லாத ஊரில் விதிமுறை காகிதத்தோடு நின்றுவிடும். சங்கத்தின் முதல் பயன் இதுதான் என்பேன்.

கூட்டச் செலவை டைல்ஸ், பெயின்ட், கண்ணாடிக் கம்பெனிகள் ஏற்பதும் உண்டு. பேச்சாளருக்கு முன்னால் அவர்கள் சரக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். கேட்டுக்கொள், கடினமான கேள்விகளும் கேள். மறுவாரம் அதே கம்பெனிக்காரர் உன் ஆபீசுக்கு வந்து ‘சதவீதம்’ பற்றிப் பேச்செடுத்தால் வாசலைக் காட்டு.

விருது விழாவுக்குப் போகாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. விதிகளைப் பற்றிய கூட்டத்துக்குக் கட்டாயம் போ. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வருவதற்கு முன் சென்னைக்கு ஒரு விதி, மற்ற ஊர்களுக்கு வேறு விதி என்று இருந்தது. அந்த விதிகளோடு, மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2 ஆனது. உயரமான கட்டடம் என்ற வகை 18.30 மீட்டருக்கு மேல் என்று ஆனது. இப்படி ஒரு எண் மாறினால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் வெயில் விழுமா, தெருவில் தீயணைப்பு வண்டி திரும்புமா என்பது வரை மாறும். அதை சைட்டில் நின்று பார்க்கிறவர்கள் நாம். விதியைத் திருத்தும் பேச்சு வரும்போது நீ தனியாக எழுதும் கடிதத்தைவிடச் சங்கத்தின் கடிதத்துக்கு எடை அதிகம். அந்தக் கடிதத்தைத் தயாரிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. இரவு உணவுக்கு நிறையும் அரங்கம், செட்பேக் அட்டவணையைப் பிரித்து வைத்தால் காலியாகிவிடும்.

சங்கங்களால் முடியாததையும் தெரிந்துகொள். நம் சட்டம் பிறந்த அதே 1972இல் டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கட்டமைப்பு செய்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கம் எழுந்தது. அதை இடிக்கப் போகிறார்கள் என்றதும், வேண்டாம் என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கட்டடக்கலைஞர்கள் வேண்டுகோள் விடுத்தார்கள், வழக்கும் நடந்தது. 60 ஆண்டு ஆகாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் வராது என்று சொல்லிவிட்டார்கள். 2017 ஏப்ரலில் அதை ஒரே இரவில் இடித்துத் தள்ளினார்கள். நம் அமைப்புகளின் குரலுக்கு அதிகாரம் கிடையாது, வேண்டுகோள் மட்டும்தான். இனி அந்தக் கட்டடத்தைப் படிக்க வரைபடமும் புகைப்படமும்தான் மிச்சம்.

அதனால்தான் நீ இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கட்டடக்கலை மாணவர்களுக்கென்று நாடு தழுவிய சங்கம் இருக்கிறது, நீங்கள் எல்லாரும் ‘நாசா’ என்று சொல்வீர்களே, அதுதான். அதில் லூயி கான் கோப்பைக்காக ஆண்டுதோறும் கல்லூரிக் குழுக்கள் பழைய இடங்களை அளந்து வரைகின்றன. நம் செட்டிநாட்டு வீடுகள் தூண் தூணாகவும் கதவு கதவாகவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விற்றுப்போன வீட்டை யாரும் அளக்க முடியாது. இந்த வருடம் உன் கல்லூரியில் அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது பெயர் கொடுத்துவிடு. ஜூனியர் என்று டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கத்தான் விடுவார்கள், பரவாயில்லை, போ. சங்கத்துச் சந்தாவைப் பற்றி நீ பட்டம் வாங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம், முதல் வருடச் சந்தா என் செலவு.

அன்புடன்,
மாமா