கடல் கடந்த ஸ்பானிய மொழி: ஓர் அறிமுகம்

இன்று ஏறத்தாழ 50 கோடி மக்கள் ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். 20 நாடுகளில் அஃது ஆட்சி மொழியாக விளங்குகின்றது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அதன் தாயகமான ஸ்பெயினின் மக்கள்தொகையோ 5 கோடி அளவேயாகும். ஒரு நாட்டு மொழி அதனினும் பத்து மடங்கு மக்களின் மொழியானது எவ்வாறு?

பிறப்பும் பயணமும்

ரோமானியர் பேசிய இலத்தீனிலிருந்து பிறந்தது ஸ்பானியம். போர்த்துகீசியம் அதன் உடன்பிறப்பு. 1492ஆம் ஆண்டில் நெப்ரிஹா என்னும் அறிஞர் ஸ்பானிய மொழிக்கு இலக்கண நூல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் கொலம்பஸ் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். பின்னர்ப் படைகளும் குடியேறிகளும் சமயக் குருமாரும் சென்ற இடமெங்கும் ஸ்பானியமும் சென்றது.

சில சொற்கள் கற்போம்

ஸ்பானியத்தைப் பெரும்பாலும் எழுதியவாறே படிக்கலாம். நம் ‘ஞ’ ஒலிக்கு அங்கே தனி எழுத்து உண்டு. சிறுவன் ‘நீஞோ’, சிறுமி ‘நீஞா’. ஈற்றெழுத்து மாறப் பாலும் மாறுவதைக் காண்க. நாம் ‘நீ’, ‘நீங்கள்’ என வேறுபடுத்துவது போல் அவர்களும் ‘தூ’, ‘உஸ்தெத்’ என வேறுபடுத்துவர். வணக்கத்திற்கு ‘ஓலா’, நன்றிக்குக் ‘கிராசியாஸ்’, வீட்டிற்குக் ‘காசா’.

ஞாயிற்றுக்கிழமை ‘தொமிங்கோ’. போர்த்துகீசியரும் ஏறத்தாழ அவ்வாறே கூறுவர். அவர்கள் வழியாகவே மலாய் மொழிக்கு ‘மிங்கு’ வந்தது. ‘மேசா’ என்றால் மேசை. நம் ‘மேசை’யும் போர்த்துகீசியர் தந்ததேயாம்.

ரப்பருக்கு ஸ்பானியச் சொல் ‘காவ்ச்சோ’. ரப்பர்ப் பால் எடுப்பவர் ‘காவ்ச்சேரோ’. ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடுகள். அம்மரப்பாலின் பயனை முதலில் அறிந்த தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல்லையே ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் ரப்பரின் பெயர் இதனின்றே வந்தது. சொல் உலகைச் சுற்றியது. எனினும் பழங்குடியினர் மொழிகள் பல நலிந்தும் மறைந்தும் போயின.

மூன்று நாடுகள் கூறும் பாடம்

மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்றபோது மக்களுள் பெரும்பகுதியினர் பழங்குடி மொழிகளையே பேசி வந்தனர். ஆட்சியும் பள்ளியும் ஸ்பானியத்தையே முதன்மையாகக் கொண்டமையால் பிள்ளைகளின் மொழி மாறியது. உலகில் ஸ்பானியம் பேசுவோர் மிகுதியாக வாழும் நாடு இன்று மெக்சிகோவே.

நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸை ஸ்பெயின் 1565 முதல் 1898 வரை ஆண்டது. எனினும் அங்குக் குடியேறிய ஸ்பானியர் சிலரே. குருமாரும் மக்களின் மொழிகளைக் கற்று அவற்றிலேயே போதித்தனர். பின்னர் அமெரிக்கர் வந்து பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தினர். ஸ்பானியமோ கடன் சொற்களாக எஞ்சியது. சபாவுக்கு அண்மையிலுள்ள சம்போவாங்காவில் ஸ்பானியம் கலந்து உருவான சவக்கானோ மொழியை மக்கள் இன்றும் பேசுகின்றனர்.

மூன்றாவது நாடு தென் அமெரிக்காவின் பராகுவாய். அங்கு ஸ்பானியமும் குவாரானி என்னும் பழங்குடி மொழியும் 1992ஆம் ஆண்டு அரசமைப்பின்படி ஆட்சி மொழிகளாகும். அலுவலகத்தில் ஸ்பானியமும் இல்லத்தில் குவாரானியும் ஒலிப்பதை அங்குப் பரவலாகக் கேட்கலாம். பெற்றோர் பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்தாமையால் அம்மொழி அழியவில்லை.

கப்பல் ஒரு மொழியைக் கரை சேர்க்கலாம். அதனை வாழ வைப்பவை பள்ளியும் வீடுமே. மூன்று நூற்றாண்டு ஆட்சியாலும் பிலிப்பீன்ஸில் வேரூன்றாத மொழி உண்டு. அரசின் துணையின்றியே நெடுங்காலம் அடுப்பங்கரையில் வாழ்ந்த மொழியும் உண்டு. பொது வாழ்வுக்குத் தேசிய மொழியைச் செவ்வனே கற்போம்; வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் பேசுவோம், படிப்போம். ஒன்றிற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டுவதில்லை என்பதற்குப் பராகுவாய் மக்களே சான்று.