ஊர் மன்றமும் நாட்டுக் கொள்கையும்

ஒரு நிலத்தில் வீடு எழுவதா, புல்வெளி நிலைப்பதா என்பதை முடிவு செய்பவர் யார்? இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் இவ்வினா மீண்டும் மீண்டும் எழுகிறது. 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் தொடங்கி, அங்கு நிலவுடைமையாளரும் இசைவு பெற்றே கட்டடம் எழுப்ப இயலும். இசைவு வழங்குவது உள்ளாட்சி. அதற்கு வழிகாட்டும் தேசியத் திட்டமிடல் கொள்கையை 2012இல் வெளியிட்டது மைய அரசு. ஊர்தோறும் கட்டவேண்டிய வீடுகளின் இலக்கு 2023 டிசம்பரில் அறிவுரையாகத் தளர்ந்தது. 2024 டிசம்பரில் கட்டாயமாயிற்று. வாழ வீடின்றித் தவிப்போர் ஒருபுறம். நகரைச் சூழ்ந்த பசுமை வளையம் சுருங்குமென அஞ்சுவோர் மறுபுறம். மன்ற உறுப்பினர் இருசாரார்க்கும் விடைகூறக் கடமைப்பட்டவர். மன்றம் தீர்மானம் இயற்றி அரசுக்கு அனுப்பலாம். கொள்கையை மாற்ற இயலாது. எனினும், எத்தனை வீடுகள் என்பதைத் தலைநகர் வகுத்தாலும், எந்த வயலில், எந்தத் தெருவில் என்பதை ஊரறிந்தோரே ஆய்ந்துரைக்க முடியும்.