தொடர்த் துறை ஊடாக அளவிடும் கருவியைக் கட்டுப்படுத்தல்

தொடக்க பிற்று, சமநிலைப் பிற்று, நிறுத்த பிற்று ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்து எழுதும் மாணவர்கள் பலர். அவை பொருந்தாவிட்டால் என்ன நிகழும் என்று வினவினால் பேனா நின்றுவிடுகிறது. எனவே ஓர் உண்மையான கருவியைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தின் 34401ஏ என்னும் பல்மானியில் ஆர்.எஸ்.232 தொடர்த் துறை உண்டு. அதனைக் கணினியுடன் இணைத்தால், பொத்தான்களைத் தொடாமல் அஸ்கி எழுத்துகளை அனுப்பியே வோல்ற்றளவை அளக்கலாம். கட்டளைகள் 1990 இல் அறிமுகமான ஸ்கிப்பி நியமத்தின்படி அமையும். முதலில் 'சிஸ்டம்:ரிமோட்' என்ற கட்டளையை அனுப்ப வேண்டும். அதன்பின் கருவியின் முகப்பில் 'லோக்கல்' பொத்தான் தவிர ஏனையவை இயங்கா. அடுத்து 'மெஷர்:வோல்டேஜ்:டீ.சி.?' என அனுப்பினால் நேரோட்ட வோல்ற்றளவு எண்ணாகத் திரும்பி வரும். (கட்டளைகள் ஆங்கில எழுத்துகளிலேயே அனுப்பப்படும்.)

இங்கு வினாக்குறியைக் கவனியுங்கள். வினாக்குறி உள்ள கட்டளைக்கே கருவி பதில் அனுப்பும். இறுதியில் புதுவரிக் குறியும் வேண்டும். அதனை விட்டுவிட்டால் கணினி பதிலுக்காகக் காத்திருக்கும். கருவியோ வசனம் முடிவதற்காகக் காத்திருக்கும். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இது இலக்கணப் பாடம் போலவே தோன்றுகிறது!

இக்கருவியின் ஆரம்ப அமைப்பு செக்கனுக்கு 9600 பிற்றுகள். ஓர் எழுத்துக்கு 1 தொடக்க பிற்று, 7 தரவுப் பிற்றுகள், 1 இரட்டைச் சமநிலைப் பிற்று, 2 நிறுத்த பிற்றுகள், மொத்தம் 11. விடையில் 7 ஐ மட்டும் எடுத்துப் பெருக்கிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

உதாரணம்: கருவியின் அடையாளத்தைக் கேட்கும் வினவலில் உடுக்குறி, ஐ, டி, என், வினாக்குறி, புதுவரிக் குறி என 6 எழுத்துருக்கள் உள்ளன. 6 × 11 = 66 பிற்றுகள். 66 ÷ 9600 = 0.006875 செக்கன், அதாவது ஏறத்தாழ 6.9 மில்லிசெக்கன்.

இனி, கணினியில் 8 தரவுப் பிற்றுகள், சமநிலை இல்லை என அமைத்துவிட்டீர்கள் எனக் கொள்வோம். அஸ்கி எழுத்துகளில் எட்டாம் பிற்று 0. கருவி அதனையே சமநிலைப் பிற்றாகக் கருதும். வினாக்குறி 0111111, இதில் ஆறு 1 கள் இருப்பதால் 0 பொருந்தும், சோதனையில் தேறும். 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து 1001001. மூன்று 1 கள் இருப்பதால் 1 வந்திருக்க வேண்டும், ஆகவே வழு. ஒரே வசனத்தில் சில எழுத்துகள் தேற, சில தவறும். கம்பி பழுது என்று எண்ணி அதனை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இருபுற அமைப்புகளையும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: ஆர்.எஸ்.232 இல் தருக்க 1 ஐக் குறிப்பது மறை வோல்ற்றளவு (−3 முதல் −15 வரை). நேர் வோல்ற்றளவு தருக்க 0. பலர் இதனை மாற்றி வரைகின்றனர்.

பயிற்சி
1. 1001101 என்னும் தரவுக்கு இரட்டைச் சமநிலைப் பிற்று யாது?
2. மேற்கூறிய கருவியின் அளவீடு 15 எழுத்துருக்களும் 2 முடிவுக் குறிகளும் கொண்டது. அது கணினியை வந்தடைய எடுக்கும் ஊடுகடத்தல் நேரம் யாது?

விடைகள்: 1) 0 2) ஏறத்தாழ 19.5 மில்லிசெக்கன்