நிறம் திரிந்த பெட்டி

பழம்பொருள் அங்காடியில் குறைந்த விலைக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி வருபவர், வீட்டில் அதனை இயக்கியதும் திகைத்து நிற்பதுண்டு. திரையின் ஒரு மூலையில் மாந்தர் முகம் பச்சையாகவும், மற்றொரு மூலையில் செந்நீலமாகவும் தோன்றும். அல்லது வெள்ளை ஆடையெல்லாம் மஞ்சளாய்த் தெரியும். “படக்குழாய் போய்விட்டது” என்று அருகில் இருப்போர் தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்பை நம்பி நல்ல பெட்டியைக் குப்பையில் இட்டாரும் உளர். நோயின் குறி அறியாமல் மருந்து கூறும் மருத்துவரை யாரும் மதியார். நிறம் எவ்வாறு திரிந்துள்ளது என்று பொறுமையுடன் நோக்கினால், பழுது எங்கே உள்ளது என்பதைப் பெரும்பாலும் திரையே சொல்லிவிடும்.

ஓவியர் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்துப் பச்சை பெறுவர். ஒளியின் இயல்போ வேறு. செவ்வொளியும் பச்சையொளியும் ஒருங்கே கண்ணிற் பட்டால் மஞ்சள் தோன்றும். பச்சையும் நீலமும் கூடினால் நீலப்பச்சை. சிவப்பும் நீலமும் கூடினால் செந்நீலம். மூன்றும் தக்க அளவிற் கூடினால் வெண்மை. 1861-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் இதனை இலண்டன் மாநகரில் காட்டினார். ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வடிப்பான்களின் வழியே தனித்தனியே எடுத்த நிழற்படங்களை, அவ்வந்நிற ஒளியால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். நாடாவின் பல நிறங்களும் திரையில் எழுந்தன.

வண்ணப் படக்குழாயும் இந்நெறியையே பின்பற்றுவது. அதன் கண்ணாடியின் உட்புறத்தில் செந்நிறமாகவும் பச்சையாகவும் நீலமாகவும் ஒளிரும் மூவகைப் பொருள்கள் நுண்ணிய புள்ளிகளாகவோ கோடுகளாகவோ பூசப்பெற்றிருக்கும். குழாயின் கழுத்திலிருந்து மூன்று எலெக்ட்ரான் கற்றைகள் திரையை நோக்கி விரையும். திரைக்குச் சற்றுப் பின்னே எண்ணற்ற துளைகளையுடைய மெல்லிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. மூன்று கற்றைகளும் சற்றே வேறுபட்ட கோணங்களில் துளையினுட் புகுவதால், ஒவ்வொன்றும் தனக்குரிய நிறத்தின்மேல் மட்டும் சென்று படும். மயிரிழை அளவு வழி தவறினும் சிவப்புக்குரிய கற்றை பச்சையைத் தீண்டிவிடும். இத்தகைய குழாயை ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயக்கிக் காட்டினர். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-ஆம் ஆண்டில், ஆசிய விளையாட்டு விழாவை ஒட்டித் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கியவையும் குழாய்ப் பெட்டிகளே.

இனிக் குறிகளை நோக்குவோம். நிறமே இன்றிப் படம் கறுப்பு வெள்ளையாகத் தெளிவுறத் தோன்றுமாயின், குழாயைப் பழித்தல் பொருந்தாது. முதலில் நிற அளவு குறைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அடுத்து, ஒளிபரப்பு முறையை ஆராய்தல் வேண்டும். அமெரிக்கா 1953-இல் ஏற்ற என்.டி.எஸ்.சி. முறை வேறு, செருமானியப் பொறியாளர் வால்டர் புரூக் 1963-இல் வெளிப்படுத்திய ‘பால்’ முறை வேறு. இந்தியா ஏற்றது பின்னதை. ஆதலின் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுக் கருவியை இங்குள்ள பழம்பெட்டியோடு இணைத்தால், நிறம் வாராது போதல் இயல்பே. இருவர் இருவேறு மொழி பேசுவதைப் போன்றது அது, எவர்மேலும் குற்றமில்லை.

திரையில் ஆங்காங்கே தேமல் போல நிறத்திட்டுகள் காணின், காந்தம் புகுந்துவிட்டது என்று கொள்க. ஒலிபெருக்கியைப் பெட்டியின் அருகே வைப்பதும், சிறுவர் காந்தத்தைத் திரைமேல் உரசி வேடிக்கை பார்ப்பதும் இதற்குப் பெருங்காரணங்கள். துளைத் தகடு இரும்பாதலின் காந்தத் தன்மையை ஏற்றுக்கொள்ளும். கற்றைகள் வழி விலகும். நிலவுலகின் காந்தமும் இவ்வாறு செய்ய வல்லது. அதனால்தான் பெட்டியை வேறு திசை நோக்கித் திருப்பி வைத்தபின் சிற்சில வேளை நிறம் கெடுகிறது.

இதற்கு மருந்து பெட்டிக்குள்ளேயே அமைந்துள்ளது. குழாயைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளும், அதனோடு இணைந்து, சூடேறினால் மின்தடை மிகும் ஒரு சிறு வில்லையும் உண்டு. பெட்டியை இயக்கிய நொடியில் மாறுமின்னோட்டம் சுருளில் வேகமாகப் பாயும்; வில்லை சூடேற ஏற ஓட்டம் படிப்படியாகத் தேயும். தகட்டின் காந்தம் இப்பாலும் அப்பாலும் அலைக்கப்பட்டு, அலைவு சிறுத்து அடங்கிவிடும். இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நிறுத்தியவுடன் மீண்டும் இயக்கினால் வில்லை ஆறியிராது. ஆகவே சுருளும் தன் வேலையைச் செய்யாது. ஏறத்தாழ அரைமணி நேரம் ஆறவிட்டு இயக்குதல் வேண்டும். பலமுறை செய்தும் திட்டு நீங்காதாயின், வில்லை பழுதுற்றிருக்கலாம். அதன் விலை சிறிதே. தொழில் வல்லார் தனியே ஒரு வளையச் சுருளைக் கொண்டு திரைக்கு முன் வட்டமிட்டு, மெல்லப் பின்வாங்கி, ஆறேழு அடி விலகிய பின்னரே அதனை நிறுத்துவர். அருகிலேயே நிறுத்திவிட்டால் புதிய காந்தம் ஏறிவிடும். பெட்டி கீழே விழுந்து தகடே வளைந்துவிட்டதெனில், செய்யத்தக்கது ஏதுமில்லை.

திட்டாக அன்றித் திரை முழுவதும் ஒரே வகையாய் நிறம் மாறினால், மூன்றனுள் ஒன்று குறைந்தது எனலாம். வெண்மை மஞ்சளாயின் நீலம் இல்லை. செந்நீலமாயின் பச்சை இல்லை. நீலப்பச்சையாயின் சிவப்பு இல்லை. பெட்டியைத் தட்டும்போது அந்நிறம் வந்து வந்து போகுமாயின் மகிழ்தல் தகும். குழாய் நன்றாகவே உள்ளது. அதன் கழுத்தருகே உள்ள பலகையில் பற்றாசு விட்டிருக்கலாம். சூடேறியும் ஆறியும் வந்த பல்லாண்டுகளில் ஈயம் விரிவு கண்டுவிடும். பற்றாசு என்பது பொற்கொல்லர் வழங்கும் சொல். பிரிந்து நிற்பவற்றை ஓரிரண்டு அசைகளால் இணைக்கும் வெண்பாவுக்கு ‘ஆசிடை’ என்று பெயரிட்ட இலக்கணப் புலவர்க்கும் அத்தொழில் தெரிந்திருந்தது.

குறைந்த நிறம் தட்டியதும் வாராமல், பெட்டி இயங்கிச் சில நிமிடங்கள் கழித்து மெல்ல மெல்ல ஏறி வந்தால், குழாயே முதுமை எய்தியது. எலெக்ட்ரான்களை உமிழும் பூச்சுத் தேய்ந்துவிட்டது. அதற்கு மிகைமின் கொடுத்துச் சில காலம் உயிரூட்டுவாரும் உண்டு. அம்மருந்து நெடுநாள் நில்லாது. இந்நிலை ஒன்றிற்றான் அருகிருந்தோர் கூறிய தீர்ப்புச் செல்லும்.

மாணவர் எக்காரணத்தாலும் பெட்டியின் பின்மூடியைத் திறத்தல் ஆகாது. வண்ணப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் மின்னழுத்தம் தரப்படுகிறது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் குழாய் அதனைத் தேக்கி வைத்திருக்கும். குறியறிந்து கூறுதல் மாணவர் பணி. கை வைத்தல் பயின்றவர் பணி.

அப்பயின்றவர் இறுதியில் நிறங்களைச் சமன்செய்வதற்கு வண்ணப் படத்தைத் தேடுவதில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றையே ஓடவிடுவர். சாம்பல் நிறத்தில் சிறிதளவு சிவப்போ பச்சையோ கலந்திருந்தாலும் கண் உடனே கண்டுகொள்ளும். திருகுகள் பெட்டியின் பின்னே உள்ளன. படமோ முன்னே உள்ளது. ஆகவே திரைக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி வைத்து, அதில் தெரியும் படத்தைப் பார்த்துக்கொண்டே, பின்னே நின்று திருகை மெல்லத் திருப்புவர்.