டேங்க் கிளீனர் வாங்காதீர்கள்

தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால் முதலில் எடுத்துக் கொடுப்பது டேங்க் கிளீனர் மீனைத்தான். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். விரல் நீளத்தில், உடம்பெல்லாம் புள்ளியாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும். "ஒண்ணு போதும் சார், கண்ணாடி பளபளன்னு ஆயிடும்" என்றார் கடைக்காரர். எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விற்கிறவர் முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே? ஒன்றரை அடி வரை வளரக்கூடிய தென் அமெரிக்க மீன் அது. என் தொட்டி மூன்றடி.

குட்டியாக இருந்தவரை பாசியைத் தின்றது. வளர வளர மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்கே போட்டிக்கு வந்துவிட்டது. ராத்திரியில் மண்ணைக் கிளறும். காலையில் விளக்கைப் போட்டால், அப்போதுதான் வேர் பிடித்த வாலிஸ்நேரியா செடிகள் மேலே மிதக்கும். அடியில் நூல் நூலாகக் கழிவு. அதிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரேட்டும் பாசிக்கு நல்ல உரம். ஆக, முன்னைவிடப் பாசி அதிகமானதுதான் மிச்சம்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றதோடு, "ஏரியில விட்டுடுங்க சார்" என்று யோசனை வேறு. ஊரிலும் அதையே சொன்னார்கள். மலைமேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில், கீழே பனமலை ஏரி. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் விடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஏரிகளில் இந்த மீன் பெருகிக் கிடப்பதற்கு இப்படி ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய் விட்டதும் ஒரு காரணம். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, முள். வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். என் வீட்டுத் தொல்லையை ஏரியில் வலை போடுகிறவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில், பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் விழுப்புரம் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

பாசி அடங்கியது வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான். ஜன்னல் ஓரத்திலிருந்து தொட்டியை உள்ளே தள்ளி வைத்தேன். நம் ஊர் வெயில் ஒரு மணி நேரம் நேராக விழுந்தாலே பாசிக்குக் கொண்டாட்டம். டைமர் வாங்கி விளக்கை ஒரு நாளைக்கு 6 மணி நேரத்தில் நிறுத்துங்கள். செடிக்கு 12 மணி நேரம் வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் கனமான துணியால் மூன்று நாள் மூடிவைத்து, பிறகு பாதித் தண்ணீரை மாற்றினால் போதும்.

அடுத்தது செடி. விலை கொடுத்து வாங்கியவற்றைவிட எனக்குக் கைகொடுத்தது ஏரியில் கிடைத்த ஹைட்ரில்லாதான். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி காட்டுவார்களே, அதே செடி. "களையைப் போய் தொட்டியில் வைப்பாங்களா?" என்று கேட்ட சென்னை நண்பருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 1950களில் மீன்தொட்டிச் செடியாகத்தான் இது அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. அங்கே ஏரி, ஆறு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டது. அந்த வேகம்தான் நமக்கு வேண்டும். பாசிக்குப் போக வேண்டிய சத்தை இது முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். படிகாரத் தண்ணீரில் முக்கி, ஒரு வாரம் தனி வாளியில் போட்டுவைத்த பிறகே தொட்டியில் விடுங்கள். இல்லாவிட்டால் நத்தையும் சேர்ந்து வரும். வாராவாரம் வெட்டி எடுங்கள். வெட்டியது மாட்டுக்கு ஆகும்.

கடைசியாகத் தண்ணீர். உங்கள் வீட்டிலும் போர்த் தண்ணீராகத்தான் இருக்கும். சுற்றிலும் யூரியா போடுகிற வயல் என்றால் குழாயில் வரும்போதே நைட்ரேட் இருக்கலாம். டெஸ்ட் கிட் வாங்கி முதலில் குழாய்த் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் தொட்டியை. என் வீட்டில் நைட்ரேட் இருந்தது. மழைத் தண்ணீரைப் பிடித்துப் பாதிக்குப் பாதி கலக்கிறேன்.

கழிவு குறைய, வாரத்தில் ஒரு நாள் தீனியே போடாதீர்கள். வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.