நாடு கிடைக்கும் முன்பே வெளியுறவு அமைச்சர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் செண்பகராமன் பிள்ளை யார் என்று நான் கேட்டால், "எம்டன் கப்பலில் வந்து சென்னையில் குண்டு போட்டவர்" என்பார்கள். எம்டன் சென்னையைத் தாக்கியது 22-9-1914 அன்று. அவர் அக்கப்பலில் வந்ததற்குச் சான்றில்லை. அவர் செய்த உண்மையான பணி வேறு. அது இதைவிடப் பெரியது.

பிறப்பும் படிப்பும்

பெற்றோர் நாஞ்சில் நாட்டுத் தமிழர்களான சின்னசாமிப் பிள்ளையும் நாகம்மாளும். 1891 செப்டம்பர் 15இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அன்று இரண்டு ஊர்களும் ஒரே திருவிதாங்கூர். அவற்றை இணைத்தது நம் ஊர்கள் வழியே செல்லும் சாலைதான். இரயில் 1979இல்தான் வந்தது. பள்ளி வயதிலேயே, வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்ற ஆங்கிலேயரின் உதவியால் ஐரோப்பா சென்றார். சூரிச்சில் பொறியியல் படித்தார். அந்த வகையில் அவர் எங்கள் தொழில்காரர்!

தூதர் பணி

தூதருக்கு அரசு வேண்டும், அலுவலகம் வேண்டும், சம்பளம் வேண்டும். இவருக்கு இவை எதுவும் இல்லை. 1914இல் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்து, 'புரோ இந்தியா' என்ற இதழை நடத்தினார். ஐரோப்பியரிடம் இந்தியாவின் நியாயத்தை எடுத்துரைத்தார். முதல் உலகப் போர் மூண்டதும் பெர்லின் சென்று, அங்கிருந்த இந்திய விடுதலைக் குழுவில் சேர்ந்தார்.

1915 டிசம்பர் 1இல் காபூலில் இந்தியத் தற்காலிக அரசு அமைந்தது. மகேந்திர பிரதாப் தலைவர், பரக்கத்துல்லா பிரதமர், செண்பகராமன் வெளியுறவு அமைச்சர். ஒரு சாண் நிலமும் கையில் இல்லாத அரசு அது. ஆப்கன் அமீர் துணிந்து துணை நிற்காததால் அது நிலைக்கவில்லை. ஆனாலும், இந்தியா தன் பெயரில் பிற நாடுகளோடு பேசலாம் என்பதை உலகுக்குக் காட்டியது.

தாயகம் திரும்பல்

1934 மே மாதம் பெர்லினில் காலமானார். மனைவி லட்சுமிபாய் அவரது அஸ்தியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். 1966இல் அது இந்தியக் கடற்படைக் கப்பலில் கொச்சிக்கு வந்தது. அதற்குள், 1956இல், அவர் பிறந்த ஊர் கேரளத்திலும், பெற்றோரின் மண் தமிழ்நாட்டிலுமாகப் பிரிந்துவிட்டன. எல்லை நிலத்தைப் பிரிக்கும். உறவையும் மொழியையும் பிரிக்க நாம் விடலாகாது.

பிள்ளைகளோடு பேச:

1. அரசு இல்லாதவர் எப்படித் தூதராகப் பணியாற்ற முடிந்தது?
2. எம்டன் கதை மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது?
3. உங்கள் குடும்பம் எந்தெந்த ஊர்களை இணைக்கிறது?