அட்டைப்பெட்டியில் அப்பாவின் எழுத்து

அன்புள்ள தங்கைக்கு,

கண்காட்சி விண்ணப்பத்துக்காக நீ எடுத்து எனக்கு அனுப்பிய படங்களை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கண்காட்சியின் கருப்பொருள் 'இடப்பெயர்வு' என்று தெரிந்ததும் முள்கம்பி, பழைய சூட்கேஸ், கவிழ்ந்த படகு எல்லாவற்றையும் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறாய். உழைப்பு தெரிகிறது. ஆனால் அந்த சூட்கேஸ் யார் வீட்டுடையது என்று தெரியவில்லை.

2024 வெனிஸ் பினாலே கலைக்கண்காட்சியை நினைத்துக்கொள். பிரேசிலைச் சேர்ந்த க்யூரேட்டர் அட்ரியானோ பெட்ரோசா அதற்கு வைத்த தலைப்பு 'எங்கெங்கும் அந்நியர்கள்'. கிளேர் ஃபோன்டேன் என்ற கலைக்குழு 2004 முதல் பல மொழிகளில் நியான் விளக்காக எரியவிட்டு வந்த சொற்கள் அவை. அந்தக் குழுவும் அவற்றை டூரின் நகரில் இனவெறியை எதிர்த்த ஒரு கூட்டமைப்பின் பெயரிலிருந்துதான் எடுத்தது. சுவரொட்டிக்குத் தலைப்பாக வருவதற்கு முன்பே அந்தச் சொற்களுக்கு இருபது வயது.

உள்ளே இருந்த பல படைப்புகளும் அப்படித்தான், தலைப்புக்கு முந்தியவை. கலைஞர் புஷ்ரா கலீலியின் எட்டு வீடியோக்கள் 2008க்கும் 2011க்கும் இடையில் எடுக்கப்பட்டவை. ஒரு வரைபடம், மார்க்கர் பிடித்த ஒரு கை, ஒரு குரல். முகம் கிடையாது. எந்த ஊரில் கிளம்பினேன், எங்கே பிடித்தார்கள், எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கை கோடு போடுகிறது. முள்கம்பி எங்கும் இல்லை, தங்கச்சி. கோடு ஓரிடத்தில் நிற்கும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது.

மாதாஹோ என்பது மாவோரிப் பெண்கள் நால்வரின் குழு. லாரியில் சரக்கை இழுத்துக் கட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளைக் கொண்டு தலைக்கு மேலே ஒரு பெரும் பின்னலைக் கட்டினார்கள். பெயர் 'தகபாவ்'. பிள்ளைப்பேறு போன்ற சடங்குகளில் விரிக்கும் மாவோரிப் பாயின் பெயர் அது. அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. அந்தப் பின்னலும் 2022இல், அந்தத் தலைப்புக்காக அல்லாமல் செய்ததுதான்.

அதே பினாலேயில் கலைஞர் ஆர்ச்சி மூரை மட்டும் கொஞ்சம் நின்று பார். ஆஸ்திரேலிய அரங்கின் கரிய சுவர்களிலும் கூரையிலும், ஆதிக்குடியான தன் வம்சாவளியை 65,000 ஆண்டுகள் பின்னோக்கி வெறும் சாக்பீஸால் எழுதினார். ஒரு துடைப்பில் அழிந்துவிடும் சாக்பீஸ். படுகொலையிலும் நோயிலும் தடம் தொலைந்த இடங்களை வெறும் கருப்பாகவே விட்டார். நடுவில் தண்ணீர், அதன்மேல் காவலில் இறந்த ஆதிக்குடிகள் பற்றிய விசாரணை அறிக்கைகள், வெள்ளைக் காகித அடுக்குகளாக. நாடுகளுக்கான தங்கச் சிங்கத்தை ஆஸ்திரேலியா முதன்முறையாகப் பெற்றது இந்த அரங்குக்குத்தான். எழுதிய பெயர்களைவிட எழுதாமல் விட்ட கருப்பைப் பார்க்கத்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இப்போது உன் நான்காவது படத்துக்கு வருகிறேன். படகுக்குப் பின்னால், மூலையில், நைலான் கயிறு சுற்றிய ஓர் அட்டைப்பெட்டி. மேலே பெரிய எழுத்தில் பெயர், ஊர், ஃபோன் நம்பர். அப்பா துபாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன். நீ அதைப் படமெடுக்கவில்லை, அது தானாக உள்ளே வந்து விழுந்திருக்கிறது.

இந்த விண்ணப்பத்தை அனுப்பாதே. கடைசித் தேதி போனால் போகட்டும். அந்தப் பெட்டியை அப்பாவின் முன்னால் வைத்து உட்கார். கயிற்றை எப்படிக் கட்டினார், எத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று எதை எடுத்து வெளியே வைத்தார், எல்லாம் கேள். அவர் மறுபடி கட்டிக் காட்டினால் கையை மட்டும் படம் எடு. எனக்கு முதலில் அந்த முடிச்சை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்